நீலப் பூச்சு

மாமரத்தின் பட்டையைச் செல்லமுத்து கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். விரல் சொதசொதவென்று உள்ளே போயிற்று. வெளியே எடுத்தபோது நகத்தோடு கருப்பாக ஒரு பிசின் இழையும் வந்தது. அதை முகர்ந்தான், முகத்தைச் சுளித்தான். பிறகு பாகம் பிரித்த நாளிலிருந்து செய்யாத ஒரு காரியத்தைச் செய்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டி, தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

மரத்தடியில் உட்கார்ந்திருந்த அவர்கள் அம்மா கொளஞ்சியம்மாளுக்குத் தன் காதின் மேலேயே சந்தேகம் வந்தது. அந்தப் பக்கத்திலிருந்து கலையரசன் ஈரத் துண்டோடு வந்து நின்று, "இன்னாண்ணா?" என்றான். அண்ணா என்ற சொல் அந்த மதிலைத் தாண்டி வந்து எத்தனையோ நாளாகிவிட்டது. கிழவி காலில் சுற்றியிருந்த துணியைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அவள் புருஷன் செத்த வருஷமே கச்சிராயபாளையத்துப் பெரியவர்கள் வந்து எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். கரும்புக் கொல்லை, கிணற்று முறை, வீடு, அண்டா, ஆட்டுக்கல் எல்லாம் பிரிந்தன. பிரிக்க முடியாமல் இரண்டு மிஞ்சின. ஒன்று மரம், இன்னொன்று அவள். மரம் இடுப்புயரத்தில் இரண்டாகக் கவைத்திருந்ததால் அதன் வழக்கு சுலபமாக முடிந்தது. வடக்குக் கிளை பெரியவனுக்கு, தெற்குக் கிளை சின்னவனுக்கு. மதிலை மரத்துக்கு வழிவிட்டுக் கட்டினார்கள். அவளுக்குக் கவை இல்லாததால் மாசத்துக்கு ஒரு வீடு என்றானது. ஆனி மாசத்துக்கு முப்பத்திரண்டு நாள் வரும் என்பது சின்ன மருமகள் செவ்வந்திக்கு அந்த வருஷம்தான் தெரிந்தது. அதில் வந்த சண்டைக்குப் பிறகு இங்கிலீஷ் மாசத்துக்கு மாறினார்கள். பிப்ரவரி தன் முறையில் வரவேண்டும் என்று இரண்டு மருமகள்களும் ஆளுக்கொரு சாமிக்கு வேண்டிக்கொண்டார்கள்.

காலில் முள் கிழித்தது சின்னவன் வீட்டு மாசத்தில். விறகு பொறுக்கப் போன இடத்தில் சீமைக்கருவேலம் முள் கணுக்காலுக்கு மேல் இழுத்துவிட்டது. அது கொப்புளமாகி, உடைந்து, ஓரம் கறுத்துக் குழிந்தது பெரியவன் வீட்டு மாசத்தில். மருத்துவ முகாமில் ஒரு தரம் அவளுக்குச் சர்க்கரை இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரி கள்ளக்குறிச்சியில் இருந்தது. கலையரசன் ஓட்டுகிற ஷேர் ஆட்டோ தினமும் அதன் வாசலைத் தாண்டித்தான் போனது. கூட்டிப்போவதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. யார் கூட்டிப்போவது என்பதில்தான் சட்டச் சிக்கல். முள்ளு குத்தினது அங்கே, அவங்கதான் பாக்கணும் என்றாள் பெரிய மருமகள் நிர்மலா. இங்கிருந்து போறப்ப வெறும் கீறல், புண்ணாக்கி வெச்சது அவங்க என்றாள் செவ்வந்தி. இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. புண்ணுக்குத்தான் அது தெரியவில்லை.

இப்போது மரத்துக்குப் புண். நல்லவேளையாக அது கவைக்கு நேர் கீழே, இருவருக்கும் பொதுவான அடிமரத்தில் வந்திருந்தது.

மறுநாள் தோட்டக்கலை ஆபீசர் சுபஸ்ரீ ஸ்கூட்டரில் வந்தாள். செல்லமுத்து அவளுக்கு நாற்காலி போட்டான், கலையரசன் கூல்டிரிங்க்ஸ் வாங்கிவந்தான். அவள் இரண்டையும் தொடாமல் மரத்தைச் சுற்றிவந்தாள். நுனிக் கொம்பு காய்ந்திருப்பதைக் காட்டினாள், பட்டை கறுத்து அமுங்கியிருப்பதைக் காட்டினாள், கத்தியால் லேசாகச் சீவி உள்ளே மரம் பழுப்பேறியிருப்பதைக் காட்டினாள்.

"பூஞ்சாணத்தால வர்ற பட்டைப் புண்ணுங்க இது. எங்கியோ காயம் பட்டிருக்கு, கவனிக்காம வுட்டிருக்கீங்க."

அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் மரத்தில் இருந்த ஆணியைப் பார்த்தார்கள். துணிக்கொடி கட்ட அடித்த ஆணி. அடித்தது யார் என்ற கேள்வி இருவர் வாயிலும் வந்து நிற்பதைக் கொளஞ்சியம்மாள் பார்த்துவிட்டாள். ஆனால் ஆபீசர் சிரித்தாள்.

"யார் அடிச்சதுன்னு பூஞ்சாணம் கேக்காதுங்க. இருக்கிறத மொதல்ல சுரண்டி எடுங்க. பச்சை தெரியுற வரைக்கும் எடுக்கணும். பாவம் பாத்துக் கொஞ்சம் மிச்சம் வெச்சா உள்ளுக்குள்ள ஏறிகினே இருக்கும். அப்புறம் வெட்டுற எடமும் மேல மேல போவும்."

கிழவி கணுக்காலைப் பார்த்தாள். பிறகு முழங்காலை. அதற்கு மேலே பார்க்கவில்லை.

சுரண்டியதை எரிப்பது, கத்தியைத் துடைப்பது, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூசுவது, அடியில் தண்ணீர் தேங்காமல் பார்ப்பது என்று ஆபீசர் வரிசையாகச் சொன்னாள். இருவரும் பள்ளிக்கூடத்தில் கேட்காத அக்கறையோடு கேட்டார்கள். நடுவில் அவள் மூக்கைச் சுருக்கினாள்.

"என்னமோ வாடை வருதே?"

"பிசினுங்க மேடம்" என்றான் செல்லமுத்து.

அவள் கண் கீழே இறங்கி, புடவைக் கரைக்கு வெளியே வந்திருந்த துணியில் நின்றது. "ஆயா, கால்ல இன்னா?"

"ஒண்ணுமில்லீங்க மேடம், முள்ளு."

இரண்டு குரல், ஒரே வாக்கியம். சின்ன வயசில் வெல்லம் திருடிவிட்டு இருவரும் சேர்ந்து பொய் சொல்வது இப்படித்தான் இருக்கும். கொளஞ்சியம்மாளுக்கு அதைக் கேட்டதும் நெஞ்சு நிறைந்துவிட்டது. பிள்ளைகள் ஒன்றாகிவிட்டார்கள். இந்த நேரத்தில் காலைக் காட்டினால் முள் எந்த மாசத்தில் குத்தியது என்ற கணக்கு திரும்ப வரும், மதில் இன்னும் ஒரு வரிசை கல் உயரும்.

"ஆறிகினு வருதும்மா" என்றாள்.

ஆபீசர் தலையாட்டினாள். கால் வேறு டிபார்ட்மெண்ட்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை தொடங்கியது. அது வரைக்கும் அந்த மதிலின் இரண்டு பக்கத்து அடுப்பும் ஒன்றின் புகையை ஒன்று திட்டிக்கொண்டிருந்தவை. அன்றைக்கு நிர்மலா எல்லோருக்கும் சேர்த்து டீ போட்டாள். செவ்வந்தி பிளாஸ்டிக் வாளியில் சுண்ணாம்பைக் கரைத்தாள். துத்தம் முதல் நாளே ஊறி, மயில் கழுத்து நிறத்தில் நின்றது. இரண்டையும் ஒன்றாக ஊற்றிக் கலக்கி, கத்தி முனையை அதில் நனைத்து, செம்புக் கறை படிகிறதா என்று அண்ணனும் தம்பியும் தலையோடு தலை முட்டப் பார்த்தார்கள். படிந்தது. சுண்ணாம்பு போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் போட்டார்கள். அவ்வளவு கவனம்.

கலையரசன் கத்தியாலும் கொட்டாங்கச்சிச் சில்லாலும் சுரண்ட, செல்லமுத்து பக்கத்தில் குந்தி பட்டைச் சிராயை முறத்தில் ஏந்தினான்.

"மெதுவாடா" என்றான் ஒரு கட்டத்தில். "அதுக்கும் நோவுமில்ல."

அந்தச் சொல் கொளஞ்சியம்மாளை அசைத்துவிட்டது. இவ்வளவு இரக்கம் கொட்டிக் கிடக்கிறபோது ஒரு கை அள்ளினால் என்ன என்று தோன்றியது. காய்ச்சல் வேறு இரண்டு நாளாக விட்டுவிட்டு அடித்தது. "செல்லமுத்து, என் காலு..." என்று ஆரம்பித்தாள்.

டீ டம்ளரோடு நிர்மலா திரும்பினாள். வாளிக்கு முன்னால் செவ்வந்தி நிமிர்ந்தாள். இருவரும் அத்தையைப் பார்க்கவில்லை, ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆனி மாசத்தில் பார்த்த அதே பார்வை.

"காலுக்கு இன்னா இப்போ?" என்றான் செல்லமுத்து, மரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கால்கிட்ட சிராய் வுழுது. முறத்த இப்பிடித் தள்ளிப் புடிடா" என்றாள் கிழவி.

தள்ளிப் பிடித்தான்.

மத்தியானத்துக்குள் அடிமரம் நீலமாகிவிட்டது. தூர நின்று பார்த்தார்கள். புண் இருந்த இடம் இப்போது கோயில் தூண் மாதிரி இருந்தது என்று கலையரசன் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த சூட்டில் அவனே ஆட்டோவை எடுத்தான். நாலு பேருமாகக் கோமுகி அணைப் பக்கம் போய் மீன் வறுவல் சாப்பிட்டு வரலாம் என்று முடிவானது. கிழவிக்கு இடம் இருந்தது. ஆனால் பூச்சு காய்கிற வரைக்கும் கோழி வந்து கொத்தாமல் யாராவது பார்க்க வேண்டுமே.

"நீ குந்தினு இரும்மா. உனக்குக் கட்டி எடுத்தாறோம்" என்றான் கலையரசன்.

ஆட்டோச் சத்தம் தேய்ந்த பிறகு கொளஞ்சியம்மாள் துணியை அவிழ்த்தாள். கடைசிச் சுற்று ஒட்டிக்கொண்டு வந்தது. ஈ இரண்டு உடனே வந்துவிட்டன. ஓரம் கறுத்து, நடு அமுங்கி, அமுக்கினால் விரல் உள்ளே போகும் போலிருந்தது. ஆபீசர் சொன்ன அத்தனை அடையாளமும் சரியாக இருந்தன. பிசின் கூட.

பச்சை தெரியும் வரை சுரண்ட வேண்டும். தனக்குப் பச்சை எந்த நிறத்தில் இருக்கும் என்று யோசித்தாள். முறத்தில் கிடந்த கொட்டாங்கச்சிச் சில்லை எடுத்து, புடவைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. சிவப்பாக இருந்தது. பாவம் பார்க்கவில்லை. சுரண்டியதைத் துணியோடு சுருட்டி, பட்டைச் சிராய் புகைந்துகொண்டிருந்த நெருப்பில் போட்டாள். பிறகு வாளியின் அடியில் மிஞ்சியிருந்ததை உள்ளங்கையால் வழித்து, கணுக்காலிலிருந்து மேலே, கறுப்பு எட்டிய இடத்துக்கும் நாலு விரல் தாண்டிப் பூசினாள்.

அவள் வாயிலிருந்து வந்த சத்தத்தில் மதில் மேல் இருந்த கோழி பறந்து அந்தப் பக்கம் போனது. பூச்சுக்கு ஆபத்தில்லை.

அவர்கள் திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. புடவையைப் பாதம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு அவள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை. செல்லமுத்து நேராக மரத்திடம் போய் விரல் நுனியால் தொட்டுப் பார்த்தான். காய்ந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தோடு திரும்பியவன் அவள் கையைப் பார்த்தான்.

"மருந்தத் தொட்டியா? வெசம்மா அது."

"அடில மீந்து கெடந்துதுடா."

"மீந்தது இல்ல, மழ வந்தா இன்னொரு கை பூசணும்." வாளியைச் சாய்த்துப் பார்த்தான். தம்பியும் வந்து பார்த்தான். இருவர் முகத்திலும் ஒரே வருத்தம். "இனிமே தொடாத, இன்னா?"

"சரிடா" என்றாள். கலையரசன் மீன் பொட்டலத்தை அவள் மடியில் வைத்தான்.

மருமகள்கள் பேசிக்கொண்டே ஒரே வாசல் வழியாக உள்ளே போனார்கள். கொளஞ்சியம்மாள் எழுந்திருக்க அடிமரத்தைப் பிடித்தாள். எழ முடியவில்லை. மறுபடி பிடித்தாள். வியர்த்த கையை எடுத்தபோது மருந்து படாத ஒரு திட்டில், கவைக்கு நேர் கீழே, ஐந்து விரலும் நீலமாகப் பதிந்திருந்தன. புடவைக்குள்ளிருந்து ஒரு ஈ வெளியே வந்து, அந்தக் கைத்தடத்தின் மேல் உட்காரப் பார்த்து, உட்காராமல், அவள் காலடியிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.