மேடையில் செத்த தம்பி

அண்ணன் மேடையேறினால் முன்வரிசையே கொட்டாவி விடும். தண்ணீர்ப் பம்பு விற்கும் கம்பெனியில் அவர் விற்பனை மேலாளர். அங்கே கூட்டங்களுக்கு மைக்செட் போடுவது அவருடைய தம்பி. ஒருமுறை அண்ணன் பேச்சின் நடுவில் ஸ்பீக்கர் செத்துப்போனது, ஒருவரும் கவனிக்கவில்லை. மைக்செட்காரன் தன் உடன்பிறப்பு என்று கம்பெனியில் யாரிடமும் அவர் மூச்சு விட்டதில்லை.

அந்த அண்ணன்தான் பேச்சுப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தார். கண்ணாடி முன்னால் கையை விரிப்பதும் குரலைத் தழைப்பதுமாக வீட்டையே படுத்தி எடுத்தார்.

“சொந்தக் கதை சொல்லணும்டா. அப்பதான் கூட்டம் உருகும்.”

“உனக்கு ஏதுண்ணே கதை? மூணு வேளையும் சாப்பிட்ட, நல்லா தூங்கின. அவ்வளவுதானே?”

அண்ணன் முறைத்தார்.

கம்பெனியின் ஆண்டுக் கூட்டம் வந்தது. அரங்கின் பின்னால் ஆம்ப்ளிஃபையர் மேசையருகே தம்பி உட்கார்ந்திருந்தான். அண்ணன் மைக்கைப் பிடித்தார். பேசவில்லை. இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். மைக்தான் மக்கர் செய்கிறதோ என்று தம்பி பதறிச் சத்தம் கூட்டும் திருகைத் திருகினான்.

“எனக்கு ஒரு தம்பி இருந்தான்.”

‘இருக்கான்’ என்பதைத்தான் வாய் தவறி அப்படிச் சொல்லிவிட்டார் என்று தம்பி நினைத்தான்.

“கிணத்துல விழுந்துட்டான். எல்லாரும் வாளி வாளியா இறைச்சாங்க. தண்ணி குறையவே இல்ல.” குரல் தழுதழுத்தது. “அன்னைக்கு மட்டும் நம்ம பம்பு ஒண்ணு இருந்திருந்தா...”

அரங்கு விம்மியது. ஊர் ஊராகப் பம்பு விற்கிற தடித்தடி ஆட்களெல்லாம் கைக்குட்டையைத் தேடினார்கள். முதலாளி மேடையேறி அண்ணனைக் கட்டிக்கொண்டார்.

தம்பிக்குக் கோபம்கூட வரவில்லை. செருப்பில் ஒட்டியதைப் பார்க்கிற மாதிரி ஓர் அருவருப்புதான் வந்தது. அவர்கள் வளர்ந்த வீட்டில் கிணறே கிடையாது. குழாய்த் தண்ணீரில் குளித்து வளர்ந்தவன், தன் சாவுக்குத் தானே சத்தம் கூட்டிக் கொடுத்திருக்கிறான்!

மேசை மேலிருந்த இன்னொரு மைக்கை எடுத்தான். “வணக்கம். அந்தத் தம்பி நான்தான். நல்லாத்தான் இருக்கேன். எனக்கு நீச்சலும் தெரியும்.”

மொத்தக் கூட்டமும் திரும்பியது. யாரும் சிரிக்கவில்லை. “சீ, இவனெல்லாம் மனுஷனா?” என்றாள் ஒரு பெண்மணி.

முதலாளி வேகமாக வந்தார். “ஏம்ப்பா, ஒருத்தர் மனசு நொந்து சொல்றாரு. அதுலயா விளையாடுவ?”

“சார், நான் அவர் கூடப்பிறந்தவன். அவரையே கேளுங்க.”

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு மெல்ல நடந்து வந்து தம்பியின் தோளில் கைபோட்டார்.

“விடுங்க சார். அவன் போனதிலேர்ந்து எனக்கு எல்லாருமே கூடப்பிறந்தவங்கதான்.”

அரங்கே அதிரக் கைதட்டல் எழுந்தது.

தம்பி ஒயர்களைச் சுருட்டிக்கொண்டு நேரே அம்மாவிடம் போனான். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

“எல்லாரும் அழுதாங்களாடா?”

“அழுதாங்க.”

“மொதலாளியுமா?”

“கட்டியே பிடிச்சுக்கிட்டாரு.”

அம்மாவின் முகம் பூரித்தது. “அடுத்த தடவை உங்கண்ணன் எப்ப பேசறான்? நானும் வந்து கேக்கறேன்.”

“வேணாம்மா,” என்றான். அண்ணனை முதல்முறையாக ‘அவன்’ என்று சொன்னான். “அடுத்த கூட்டத்துல அவன் உன்னைத்தான் கொல்லப் போறான்.”