நாலு இடமுள்ள மதர்போட்

கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, நிறஞ்சனா விலை கூடிய மதர்போட் பெட்டியைத் தட்டிலிருந்து இறக்கி, அதில் அச்சடித்திருந்ததை வாசித்தாள். வவுனியாக் கணினிக் கடைக்காரன் ரூபன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் பில் எழுதிக்கொண்டிருந்தது விலை குறைந்த பெட்டிக்கு.

"றாம் போட எத்தினை இடம் எண்டு கிடக்கு?" முல்லைத்தீவில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவளுடைய புருசன் றொசான் கேட்டான்.

"நாலு."

"அப்ப அதையே எடு. இப்போதைக்கு ஒண்டைப் போடு. தொழில் பிடிச்சா மிச்சத்தைப் போடலாம். பவர் சப்ளையையும் பெரிசா எடு. வள்ளம் பெரிசெண்டா எஞ்சினைப் பிறகும் மாத்தலாம்."

"ஓம், எடுத்திட்டன்."

"உண்மையாவோ?"

"இப்பதானே வாசிச்சுக் காட்டினனான். இனி என்ன, கோயிலில போய்ச் சத்தியம் பண்ணோணுமோ?"

அவன் மூச்சு வாங்க வாங்கச் சிரித்தான். "கோவிக்காத. கவனமா வா."

அவள் பெட்டியைத் திரும்பத் தட்டில் வைத்தாள். பவர் சப்ளையும் சேர்த்து இருபத்தெட்டாயிரம் வித்தியாசம். றொசானின் இரண்டு சிறுநீரகமும் பழுது. கண்டிக்குக் கொண்டுபோய்க் காட்டச் சொல்லி டொக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பயணத்துக்குக் காசு சேர்க்கிறவள் சும்மா கிடக்கப்போகிற மூன்று இடங்களுக்குக் காசு கொடுப்பாளா?

கடலுக்குப் போக ஏலாமல் வந்தபிறகு அவன் வீட்டு முன்னறையில் பழைய கணினி ஒன்றை வைத்து பனர், வாழ்த்துமடல் எல்லாம் செய்து கொடுத்தான். தட்டெழுத்து அவளுடைய வேலை. போன மாதம் அந்தக் கணினி புகைந்துபோனது. புதியதற்கு ஒவ்வொரு சாமானாக அவன்தான் தெரிவு செய்தான். அதிலேதான் அவளுக்குக் கோபம். "நீ தனிய நிண்டு செய்யேக்க" என்றுதான் எதையும் தொடங்குவான். நல்ல சாமானென்றால் எட்டு வருசத்துக்கு ஒருத்தரிடமும் போய் நிற்கத் தேவையில்லையாம். என்ன கதை இது? விலை குறைந்ததை வாங்கினால் இரண்டு வருசத்தில் அவனே எழும்பி வந்து மாற்றட்டும். அவளுடைய கணக்கு அதுதான்.

"மாத்துறதெண்டா ஏழு நாளுக்குள்ள கொண்டாங்கோ அக்கா. சீல் உடைக்கக்கூடாது," என்றான் ரூபன்.

"நான் ஏன் மாத்தப்போறன்?"

பஸ் ஒட்டுசுட்டானைத் தாண்டும்போது றொசானின் தம்பி றஜித் கைபேசியில் அழைத்தான். "அண்ணி, எங்க வாறியள்?" சொன்னாள். கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் அதையே கேட்டான். மூன்றாம் தரமும் கேட்டபோது அவளுக்கு விளங்கிவிட்டது. மடியிலிருந்த பெட்டியை இறுக்கிப் பிடித்தபடி, பக்கத்துச் சீற்றிலிருந்த பெண் திடுக்கிட்டுத் திரும்பும்படி அழுதாள்.

அடுத்தநாள் பின்னேரம் றொசானுக்குப் பூசையும் அடக்கமும். கரையில் ஒரு வள்ளமும் அன்று தள்ளவில்லை.

நாலாம் நாள் றஜித் பெட்டிகளை முன்னறைக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். "எட்டாம் நாள் பூசைக்குக் கொடுக்கிற நினைவுக் காட்டை நாங்களே அடிப்பம் அண்ணி. அண்ணான்ர மெசினில. இப்பவே சேர்த்துப் பூட்டட்டோ?" சீல் வெட்ட பிளேட்டை எடுத்துப் பெட்டியில் வைத்தான்.

"தொடாத."

செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது பிழையான சாமான். சின்னது."

"இல்லையே. நீங்க பெரிசைத்தான் எடுத்தனீங்கள் எண்டு அண்ணா எனக்குச் சொன்னவர். ஊசி போட வந்த நேர்சுக்கும் சொன்னவர், 'என்ர மனிசி நல்ல சாமான் எடுத்திட்டா' எண்டு."

நிறஞ்சனா அவன் கையிலிருந்த பிளேட்டைப் பறித்தாள்.

"பொய்யைத்தானே கேட்டுப்போட்டுப் போனவர்," என்றாள்.

"சந்தோசமாத்தான் போனவர். விடுங்கோ அண்ணி."

விடுகிற ஆளா அவள்? ஆறாம் நாள் விடிய வெள்ளைச் சேலையோடு, பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு வெளிக்கிட்டாள். வாசலில் மறித்தா மாமியார் ஜோசப்பின்.

"எட்டு முடியேல்லைப் பிள்ளை. ஊர் என்ன கதைக்கும்?"

"கடைக்காரன் தந்தது ஏழு நாள்தான் மாமி. எட்டு முடியுமட்டும் பாத்திருக்கேலாது."

"காசு?"

"கண்டிக்கெண்டு வைச்சது கிடக்கு. இனி ஆர் கண்டிக்குப் போறது?"

மாமி குசினிக்குள் போனா. ஒரு பெரிய பொலித்தீன் பையோடு வந்து, மழை இருட்டுகிறது என்று சொல்லிப் பெட்டிகளை அதற்குள் வைத்துக் கட்டிக் கொடுத்தா.

கடையில் ரூபன் வெள்ளைச் சேலையைப் பார்த்தான். பெட்டிகளின் சீல் உடையவில்லையென்று தடவிப் பார்த்துவிட்டு, விலை கூடிய பெட்டியையும் பெரிய பவர் சப்ளையையும் இறக்கினான்.

"குறை நினையாதேங்கோ அக்கா. உங்கட வேலைக்குச் சின்னதே காணும். இந்த நேரத்தில ஏன் காசைச் சிலவழிக்கிறியள்?"

"அவருக்கு இதைத்தான் எடுத்தனான் எண்டு சொல்லிப்போட்டன்."

அவன் பழைய பில்லைக் கிழித்துவிட்டுப் பில் புத்தகத்தின் புதுத் தாளில் எழுதத் தொடங்கினான். திகதி எழுதுகிற இடத்துக்கு வந்தபோது அவள் கையை நீட்டி மறித்தாள்.

"அண்டையான் திகதியைப் போடுங்கோ தம்பி. நான் முதல் வந்த நாள்."

"வறண்டிக் காலத்தில அவ்வளவு நாளும் குறையும் அக்கா."

"குறையட்டும்."

ரூபன் கலண்டரைப் பார்த்து எண்ணி, போன புதன்கிழமையின் திகதியை எழுதிக் கொடுத்தான். மை காயும்வரை நிறஞ்சனா அதை மடிக்காமல் கையில் வைத்திருந்தாள்.