ஸ்வானே வாசற்படியில் நிற்கிறார்

1
இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. எங்கள் ஊர்க் காப்பிக்கடையில் பக்கத்து மேசையிலிருந்து ஒட்டுக்கேட்டது. [வெட்கமாகத்தான் இருக்கிறது.]

‘இஸ்திரியாவின் நீலக் கடலருகே, கரிய மூச்சு விடும் ஒரு சிற்றூரில்...’ வேண்டாம். நிலக்கரிச் சுரங்கம் மூடி எத்தனையோ வருடமாயிற்று. ஊர் மூச்சு விட்டு யாரும் பார்த்ததில்லை.

2
கடற்கரைக்குப் போகிற வழியில் நேவியாவின் வருங்கால மாமியார் ஜெல்காவுக்குக் காப்பித் தாகம். “இங்க வேணாம் அத்தை, நல்லாவே இருக்காது” என்று அவள் கெஞ்சியும் நடக்கவில்லை. தான் பிறந்த ஊரையே முதல்முறை பார்ப்பவள்போல நேவியா வந்து உட்கார்ந்தாள். எதிர் மேசையில் அவளைப் பெற்ற ஸ்வானே. சுரங்க வெடிச்சத்தத்தில் காது போனவர். எதிராளியின் வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பார்.

நேவியா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. கடையில் எல்லோருக்கும் அவளைத் தெரியும். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. (முதலில் இவளைக் கல்நெஞ்சக்காரி என்று எழுதினேன். சர்க்கரைப் பொட்டலத்தை அவள் கசக்கிக்கொண்டே இருந்தது நினைவுக்கு வந்ததும் அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.)

3
“கையில என்ன பெரியவரே, நீலமா பச்சை குத்தியிருக்கீங்க?” என்றாள் ஜெல்கா.

“நிலக்கரி குத்தினதும்மா. கூலிகூடக் கேக்கல.”

ஜெல்கா சிரித்தாள். “எங்க சம்பந்தி கப்பல் கேப்டன். அவரு கையும் இப்படித்தான் இருந்திருக்கும். பாவம், கடலோட போயிட்டாரு. இவ அவரு பொண்ணுதான்.”

ஸ்வானே அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம்... [மூன்று உவமை எழுதினேன். மூன்றும் மானக்கேடு.]

“கடல்ல சாவு நல்லதும்மா,” என்றார். “காத்தாவது வரும்.”

4
சொல்ல விட்டுப்போயிற்று. எங்கள் ஊரில் வந்தாலும் போனாலும் ‘ஸ்ரெத்னோ’தான், நல்லபடியாகப் போய் வா என்று அர்த்தம். பதிலுக்கு அதே சொல்லைக் கேட்காமல் ஒருவரும் குழிக்குள் இறங்கியதில்லை. வெளியூராருக்கு மட்டும் வெறும் வணக்கம்.

ஸ்வானே எழுந்தார். மகள் இருந்த மேசையைப் பார்த்து, “வணக்கங்க,” என்றார். வாசலில் நின்று கடையைப் பார்த்து, “ஸ்ரெத்னோ!”

கடையே பதில் சொன்னது. நான்தான் எல்லோரையும்விட உரக்க. அந்தச் சத்தத்தில் ஒரு பெண்குரல் இருந்ததா? தெரியாது. நிமிர்ந்து பார்க்கக் கூசி, குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

5
முடிவு ஒன்று: “அப்பா!” என்று ஓடுகிறாள். பொய். அந்தத் துணிச்சல் இருந்தால் அவரைக் கடலில் தள்ளியிருப்பாளா?

முடிவு இரண்டு: ஜெல்கா பில் கேட்கிறாள், கார் கிளம்பு... [கை வரவில்லை.]

ஆகவே ஸ்வானேயை வாசற்படியிலேயே நிறுத்தியிருக்கிறேன். திரும்பிப் பார்க்கிறார். குரல் வேண்டாம், அவள் உதடு தெரிந்தால் போதும். சன்னல் பக்கம் இருக்கும் அந்த முகத்தை யாராவது திருப்ப வேண்டும். எனக்குத் தைரியமில்லை. நீங்கள் திருப்புங்கள்.