சன்னல் பக்கத்து அலாரம்

"இருபத்திரெண்டா, இருபத்திமூணா?" என்று குளியலறைக்குள்ளிருந்து திபோ கேட்டார்.

"எனக்கெப்படித் தெரியும்? அந்த மால்டாக்காரர் உன் பக்கமா இல்லையான்னு நீதான் சொல்லணும்" என்றேன் சமையலறையிலிருந்து.

"அவர் வந்தா இருபத்திமூணு. பல்வலின்னு வராம இருந்துட்டா தோத்தோம்."

"முதல்ல குளிச்சு முடி. காபி ஆறுது."

"ஆறட்டும். ஜெயிச்சா மத்தியானம் ஷாம்பெயின்."

நாங்கள் பேசிக்கொண்டது அதுதான் கடைசி.

என் கணவர் திபோ, பிரஸ்ஸல்ஸில் சிறு கடைக்காரர்களின் கூட்டமைப்பு ஒன்றுக்காக ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஆதரவு திரட்டுபவர். இரண்டு குளிர்காலமாக ஒரே ஒரு திருத்தத்துக்காக அலைந்தார். கண்டம் தாண்டி இணையத்தில் வாங்கும் பொருள் நேராக வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. அது பழுதானால் பிடிக்க ஆள் இல்லை. விற்றவன் எங்கோ இருக்கிறான், விற்பனைத் தளமோ நான் வெறும் சந்தை என்கிறது. ஐரோப்பாவில் யாரும் பொறுப்பேற்காத பொருளுக்கு அந்தத் தளமே பொறுப்பு என்று சட்டத்தில் ஒரு வரி வர வேண்டும். அதற்கான குழு வாக்கெடுப்பு அன்று காலை; இருபத்திமூன்று வாக்கு விழுந்தால் ஜெயிப்பு, அந்த ஒரு வாக்கு மால்டா நாட்டு உறுப்பினர் கையில்.

உறுப்பினர்களுக்குப் புரியவைக்க அவரும் உடன் வேலை பார்த்த ரென்ஸ்கேயும் ஒரு விளையாட்டு வைத்திருந்தார்கள். மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு நச்சுவாயு கசிந்தால் கத்தும் வெள்ளை அலாரங்களை நாடாளுமன்ற நடைக்கூடத்தில் ஒரு மேசையில் வரிசையாக அடுக்குவார்கள். பாதி கடையில் வாங்கிய நல்லவை. மீதி இணையத்தில் வரவழைத்த, அச்சு அசலாக அதே போன்ற போலிகள். நல்லதைச் சரியாகக் காட்டுபவருக்குச் சாக்லேட். எல்லோரும் பட்டனை அழுத்திப் பார்ப்பார்கள். எல்லாமே கத்தும். உடனே திபோ சொல்வார்: "வாய் வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுது. மூக்கு வேலை செய்யுதா?"

முதலில் பின்புறம் வண்ணப் பொட்டு ஒட்டியிருந்தார்கள். ஒரு கெட்டிக்கார உறுப்பினர் திருப்பிப் பார்த்துச் சாக்லேட்டைத் தட்டிக்கொண்டு போனதும் பொட்டுகளை உரித்துவிட்டார்கள். அதன்பிறகு இடம்தான் அடையாளம்: சன்னல் பக்கம் நல்லவை, சுவர்ப் பக்கம் போலிகள்.

எங்கள் வீடு இக்ஸெல் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி. குளியல் தொட்டிக்கு மேலே சுவரில் தண்ணீர் சுடவைக்கும் எரிவாயு கெய்சர். குழாயைத் திறந்தால் உள்ளே டுப் என்று தீ பற்றும். குடிவந்த நாளிலிருந்தே எனக்கு அதைக் கண்டால் பயம். வீட்டு உரிமையாளரிடம் சொன்னால், "எனக்கு முன்னாடியிருந்தே ஓடுது மேடம், நமக்கப்புறமும் ஓடும்" என்பார்.

கண்காட்சி முடிந்த மாலை திபோ ஒரு அலாரத்தைக் கொண்டுவந்து குளியலறைக் கதவுக்கு மேலே திருகினார்.

"இந்தா பயந்தாங்கொள்ளி, உனக்கொரு காவல்காரன்."

"இது நல்லதுதானா?"

"சன்னல் பக்கத்துலேர்ந்து நானே எடுத்தேன்."

எடுத்துப் பார்த்தவர்கள் எல்லோரும் எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தார்களா என்று யாருக்கும் தெரியாது. விளக்கு பச்சையாகச் சிமிட்டியது. அன்று முதல்முறையாகக் கதவைச் சாத்திக்கொண்டு குளித்தேன்.

பிறகு குளிர் இறுகியது. சன்னல் இடுக்குகளில் துணி அடைத்தோம். இருவருக்கும் தலைவலி வந்தது. வாக்கெடுப்பு வாரம் என்றால் அப்படித்தான் என்றார் திபோ. வெளியே நடந்தால் சரியாகிவிடும், வீட்டுக்கு வந்தால் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் நான் கதவுக்கு மேலே பார்ப்பேன். பச்சை.

வாக்கெடுப்பு அன்று காலை தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை. காபிக் கோப்பையைக் கழுவப் போனேன், கை பிடியை விட்டுவிட்டது. உடைந்ததைப் பொறுக்கக் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. கால்கள் வேறு யாருடையவோ போலிருந்தன. கதவுக்கு மேலே பார்த்தேன். பச்சை. அப்படியானால் இது காய்ச்சல்தான் என்று நினைத்தேன்.

"திபோ."

கதவைத் தள்ளினேன். தொட்டி விளிம்பில் கன்னத்தை வைத்து, எதையோ யோசிப்பவர் போலச் சாய்ந்திருந்தார். தண்ணீர் வழிந்து என் முழங்காலை நனைத்தது. தோளைப் பிடித்து இழுத்தேன். அசைக்கக்கூட முடியவில்லை. மேலே கெய்சருக்குள் தீ எரிந்துகொண்டிருந்தது. படிக்கட்டு வரை தவழ்ந்தது நினைவிருக்கிறது. கீழ் வீட்டுக்காரர் தீயணைப்புப் படையை அழைத்தாராம். அவர்கள் மார்பில் மாட்டியிருந்த வாயு உணரும் கருவி இரண்டாம் மாடியிலேயே அலறத் தொடங்கியதாம்.

மருத்துவமனையில் கண் விழித்தபோது ரென்ஸ்கே இருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "மால்டாக்காரர் வந்தாரு, ஓடீல். இருபத்திமூணு" என்றாள். பிறகு அழுதாள். கேட்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

விசாரணையில் அலாரத்தைத் திறந்து பார்த்தார்கள். பேட்டரி, விளக்கு, ஒலிப்பான். வாயுவை உணரும் பாகமே இல்லை. அதைத் திரும்ப மூடி, ஒரு பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

குழுவில் தேறிய திருத்தத்துக்கு முழு நாடாளுமன்றத்தின் வாக்கெடுப்பு ஸ்ட்ராஸ்பூர்க் நகரில். அதற்கு முந்தைய வாரம் ரென்ஸ்கே வந்தாள்.

"கேக்கவே வாய் வரல. அந்த அலாரத்தை மேசையில வைக்கலாமா?"

"பேர் போடக் கூடாது. அவர் படம் வைக்கக் கூடாது. மத்ததோட ஒண்ணா வை."

"அப்ப யாருக்கும் தெரியாதே."

"அதைத்தானே அவர் சொல்லிக்கிட்டிருந்தார்."

நானும் நடைக்கூடத்துக்குப் போய் மேசைக்குப் பின்னால் நின்றேன். எங்கள் வீட்டுச் சுவர்ச் சுண்ணாம்பு விளிம்பில் ஒட்டியிருந்ததால் எனக்கு மட்டும் அது தெரிந்தது. உயரமான ஓர் உறுப்பினர் வந்தார்.

"சாக்லேட்டை எடுத்து வைங்க மேடம், இதெல்லாம் எனக்கு அத்துப்படி."

ஒவ்வொன்றாக எடுத்தார், வைத்தார். அவர் கை சுண்ணாம்புக் கறையை நெருங்கியது. அதை எடுத்தார். பட்டனை அழுத்தினார். கத்தியது.

"இதுதான். எவ்வளவு ஒழுங்கா சிமிட்டுது பாருங்க. என் பேத்தி ரூம்லயே மாட்டுவேன்."

"மாட்டாதீங்க" என்றேன்.

"ஏன், தோத்துட்டேனா?" என்று சிரித்தார்.

"என் வீட்டுக்காரரும் இதைத்தான் எடுத்தார்."

அவர் ரென்ஸ்கேயைப் பார்த்தார். அவள் தலைகுனிந்துகொண்டாள். அலாரத்தை இரண்டு கையாலும் பிடித்து, எடுத்த இடத்தைத் தேடி, மெல்ல வைத்துவிட்டுப் போனார். ஸ்ட்ராஸ்பூர்க்கில் அவர் எப்படி வாக்களித்தார் என்று நான் விசாரிக்கவில்லை. திருத்தம் தோற்றது. தளங்கள் இயன்றவரை சரிபார்க்க வேண்டும் என்று மட்டும் எழுதினார்கள்.

இப்போது நான் இருக்கும் வீட்டில் தண்ணீர் மின்சாரத்தில் சுடுகிறது. ஆனாலும் கதவைத் திறந்து வைத்துத்தான் குளிக்கிறேன். அலாரம் சமையலறை அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. பேட்டரியை யாரும் மாற்றவில்லை. விளக்கு பச்சையாகச் சிமிட்டிக்கொண்டிருக்கிறது.