உறை பிரிக்காத சீட்

ஓசியில் கிடைத்த காரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒன்றரை மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். காரைக் கொடுத்தவர் என் கொழுந்தனார் அறிவரசன். அதன் முன்சீட்டில் உட்கார்ந்து செத்துப் பிழைத்தவர் என் வீட்டுக்காரர்.

வீட்டுக்காரர் பெயர் உத்திராபதி. அரும்பாவூரில் பாதி வீடுகளுக்கு ஒயரிங் செய்தவர். ஆனி மாதம் ஒரு வீட்டு சன்ஷேடில் நின்று வேலை பார்க்கும்போது மல்லாக்க விழுந்தார். கழுத்தில் எலும்பு நழுவிவிட்டது. திருச்சி ஆஸ்பத்திரியில் தகடு வைத்து, திருகாணி போட்டு, கழுத்துப் பட்டை மாட்டி அனுப்பினார்கள். பதினைந்து நாளைக்கு ஒரு முறை கொண்டுபோய்க் காட்ட வேண்டும். டாக்டர் என்னிடம் திருப்பித் திருப்பிச் சொன்னது ஒன்றைத்தான். தலை முன்னால் குனியக் கூடாது. குனிந்தால் நரம்பு நசுங்கும், முதலில் விரல் மரத்துப்போகும், அப்புறம் கை போகும். கையை வைத்துப் பிழைக்கிறவருக்குக் கை போனால் மிச்சம் என்ன இருக்கிறது? அன்றைக்கு ஆரம்பித்த பயம் எனக்கு இன்னும் விடவில்லை.

அறிவரசன் அரியலூரில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிறார். அண்ணனை பஸ்ஸில் ஏற்ற விட மாட்டேன் என்று லீவு போட்டு, விடியும் முன்னே கிளம்பி வந்து, எங்களைத் திருச்சிக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவார். முகம் சுளித்தது கிடையாது. ஒரு டீக்காசு வாங்கியது கிடையாது. அப்படிப்பட்ட மனிதரிடம் உங்கள் சீட் சரியில்லை என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

கார் சித்திரையில் வாங்கியது. சீட்டில் ஷோரூம்காரன் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. எங்கள் பக்கம் அது ஒன்றும் அதிசயமில்லை. உறை கிழிந்து தொங்குகிற வரைக்கும் கார் புதுசுதான். ஆனால் அந்த உறையில் உட்கார்ந்தால் ஆள் வழுக்குவார். பத்து கிலோமீட்டருக்குள் இடுப்பு முன்னால் நகர்ந்து, உடம்பு கீழே இறங்கிவிடும். தலை சாய்க்க வைத்திருக்கிற அந்த மேல் திண்டு இருக்கிறதே, அதுவே முன்பக்கம் துருத்திக்கொண்டுதான் இருக்கும். கழுத்துப் பட்டையின் கனமும் சேர்ந்தால் பின்மண்டையில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி தலையை நெஞ்சை நோக்கி அழுத்தும். எது கூடாது என்று டாக்டர் சொன்னாரோ, அதை அந்தத் திண்டு போகவர நூற்று அறுபது கிலோமீட்டர் செய்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. முதுகுக்குத் துண்டை மடித்து வைத்தேன், துண்டும் வழுக்கியது. தலையணை வைத்தேன், குனிவு அதிகமானது. சீட்டைச் சாய்த்துப் பார்த்தேன், பட்டை ஏறித் தாடையை நெரித்தது. பின்சீட்டில் படுக்க வைத்தால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் தலை உருண்டது. இரண்டாவது பயணத்தில் வலது கை விரல்கள் மரக்கின்றன என்றார். டாக்டரும் மாத்திரை மாற்றிக் கொடுத்து, குனியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் மறுபடியும் சொன்னார். தம்பியிடம் சொல்லிவிடாதே, மனசு உடைந்துவிடுவான் என்று இவர் என்னிடம் சத்தியம் வாங்கினார். அண்ணனும் தம்பியும் இப்படி ஒருவரை ஒருவர் தாங்கிக்கொள்வதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், நடுவில் மாட்டிக்கொண்டவளுக்கு இல்லை.

நான்காவது பயணம் ஒரு வியாழக்கிழமை. வேப்பந்தட்டை தாண்டும்போதே அவர் மூச்சு மாறிவிட்டது. பின்சீட்டிலிருந்து கைநீட்டித் தோளைத் தொட்டேன், சட்டை நனைந்திருந்தது. பெரம்பலூரில் மெயின் ரோட்டில் ஏறியதும், வலிக்குதா என்று அறிவரசன் கேட்டார். சோபாவில உக்காந்த மாதிரி இருக்குடா என்றார் இவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிறுவாச்சூர் கோயில் வளைவு வந்தபோது அறிவரசன் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இவர் கும்பிடக் கையைத் தூக்கப் பார்த்து, பாதியிலேயே மடியில் போட்டுக்கொண்டார்.

பாடாலூரில் டீ குடிக்க வண்டி நின்றது. நான் இறங்கி, முன்கதவைத் திறந்து, அந்தத் திண்டைப் பிடித்து இழுத்தேன். அதைக் கழற்றுகிற பொத்தான் உறைக்குள் இருந்தது. உறையைக் கிழிக்க நகத்தை வைத்தேன். டீ கிளாஸோடு ஓடிவந்தார் அறிவரசன்.

"அண்ணி, அத மட்டும் பண்ணாதீங்க."

"உங்க அண்ணனவிட இந்தப் பிளாஸ்டிக் பெருசாப் போச்சா தம்பி?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. அப்போதுதான் சொன்னார். வீட்டில் அவர் சம்சாரம் ஜோதியைத் தவிர யாருக்கும் தெரியாதாம். அண்ணன் விழுந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்று சிறுவாச்சூர் காளிக்கு வேண்டிக்கொண்டாராம். கழுத்துப் பட்டையைக் கழற்றியதும், கோயில் திறந்திருக்கிற ஒரு வெள்ளிக்கிழமை காரைச் சன்னதி முன்னால் நிறுத்தி, அண்ணன் கையால்தான் உறையைப் பிரிக்க வைப்பேன் என்று. அதுவரை யாரும் பிரிக்கக் கூடாதாம்.

எனக்கு அழுவதா, அவரை அறைவதா என்று தெரியவில்லை. பிள்ளை இல்லாத வீட்டில் இவரைத் தூக்கி நிறுத்தத் தம்பி ஒருவர்தான் என்று எத்தனை தடவை பெருமைப்பட்டிருக்கிறேன். அந்தத் தம்பி வேண்டிக்கொண்டதுதான் இவர் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. சத்தியமாவது ஒன்றாவது என்று வாயைத் திறந்தேன்.

"அந்தக் கை வெளங்காமப் போயிட்டா எந்தக் கையால தம்பி பிரிப்பாரு? ஒரு மாசமா வெரலு மரத்துக் கெடக்கு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு."

அறிவரசன் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் டேஷ்போர்டைப் பார்த்தார்.

"அவ கெடக்குறாடா. இப்ப என்ன, எங்கையால பிரிக்கணும், அவ்ளோதான? இங்கயே பிரிச்சுடுறேன். காளி ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா."

சொல்லிவிட்டு வலது கையைத் தொடைப் பக்கம் இறக்கி, சீட் ஓரத்து உறையின் முனையைப் பிடித்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிட்டே வந்தன, சேரவில்லை. முனை நழுவியது. இன்னொரு முறை பிடித்தார். மூன்றாவது முறை, பிடிபட்டுவிட்டதென்று நினைத்து இழுத்தார். கை வெறுமனே வந்தது. மரக்கிறது என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார். பிடியே போய்விட்டது என்று எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. மயிரிழை தடிமன் ஒயரைக்கூடச் சீவுகிற விரல்கள் அவை.

அறிவரசன் கிளாஸைத் தரையில் வைத்தார். குனிந்து, உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தார். அண்ணனைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டு, முழுதையும் உரித்து ரோட்டோரம் போட்டார். திண்டைப் பிடுங்கி டிக்கியில் எறிந்தார். அவர் அழுதுகொண்டிருந்ததைப் பார்க்காத மாதிரி நின்றேன்.

வண்டி கிளம்பியது. வீட்டுக்காரர் நேராக உட்கார்ந்திருந்தார், தலை குனியவில்லை. எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. அதற்குள் ஒரு லாரி குறுக்கே வந்தது. பிரேக் போட்ட வேகத்தில் தலை முன்னால் போய்ப் பின்னால் வந்தது. தாங்க அங்கே எதுவும் இல்லை. அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் சீட்டின் நுனிக்கு வந்து, இரண்டு முழங்கையையும் அவர் சீட்டின் முதுகில் ஊன்றி, பின்மண்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டேன். நாற்பதுக்கு மேல் போகாதீர்கள் தம்பி என்றேன். அவர் முப்பதில் போனார். பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனார்கள். சமயபுரம் டோல்கேட்டில் என் தோள் கழன்றுவிடும்போல இருந்தது, கையை எடுக்கவில்லை. வீட்டுக்காரர் தலை என் கையில் கனத்துக்கொண்டே வந்தது எனக்குப் பயமாக இருந்தது.

"ஏங்க, என் கை தெரியுதா?"



"உங்கை தெரியுது செல்வி," என்றார். "எங்கைதான் தெரியல."