விரலைத் தூக்கியவர்

பெரியப்பா என்னிடம் புத்தகம் கேட்டது என் அறிவை நம்பி அல்ல, என் நூலக அட்டையை நம்பி.

"கிரிக்கெட் வரலாறா இருக்கணும். சண்டை சச்சரவு நிறைய இருக்கணும். நல்லதாப் பாத்துக் கொண்டா."

படிக்காத புத்தகத்தைப் பரிந்துரைப்பதில் எனக்குக் கல்லூரியில் நல்ல பெயர். பந்தைச் சுரண்டியவர்களைப் பற்றி ஒன்று, சூதாட்டத்தில் விலைபோனவர்களைப் பற்றி ஒன்று, உடம்பைக் குறிவைத்துப் பந்து வீசிய காலத்தைப் பற்றி ஒன்று என்று வாரம் ஒன்றாகக் கொண்டுபோனேன். பெரியப்பா முதல் பக்கத்தைத் தொடவே மாட்டார். நேராகக் கடைசியில் இருக்கும் பெயர்ப் பட்டியலுக்குப் போவார். ஓர் இடத்தில் விரலை ஓட்டுவார். மூடிவிடுவார்.

"நல்லா இல்லையா பெரியப்பா?"

"நல்லாத்தான் இருக்கு. நான்தான் இல்ல."

பெரியப்பா ஒரு காலத்தில் அம்பயர். லீக் இறுதி ஆட்டம், கடைசி விக்கெட், நாலு ரன் தேவை. பந்து காலில் பட்டது, எல்பிடபிள்யூ என்று விரலைத் தூக்கினார். மட்டையில் பட்ட பிறகுதான் காலில் பட்டது என்று கூட்டம் கருதியது. கருத்தைத் தெரிவிக்க பெவிலியன் கூரையைக் கொளுத்தியது. அதன்பின் அவரை எந்த ஆட்டத்துக்கும் கூப்பிடவில்லை. முப்பது வருஷமாக வீட்டுச் சுவரிடம் "அவுட்டுதான்" என்று சொல்லிவருகிறார். சுவர் இதுவரை மறுத்ததில்லை. ஆனால் அவருக்கு வேண்டியது வரலாறு. அது அவர் பெயரைப் போட்டுத் திட்டினாலும் சம்மதம்.

ஐந்தாவது புத்தகத்தில் கிடைத்தது. தீ, கூரை எல்லாம் அச்சு அசலாக இருந்தன. அம்பயரின் பெயர் இனிஷியலோடு இருந்தது. ஆனால் அது பெரியப்பாவின் பெயர் இல்லை. அன்று ஸ்கொயர் லெக்கில் சும்மா நின்ற இன்னொரு அம்பயர், பெரியப்பா 'தொப்பி' என்று கூப்பிடும் நண்பரின் பெயர்.

"தொப்பியாடா விரலைத் தூக்கினான்? அவன் குனிஞ்சு ஷூ லேஸ் கட்டிட்டு இருந்தான்டா!"

உடனே தொப்பிக்கு போன் போட்டார். தொப்பி ஏற்கெனவே நாலு பிரதி வாங்கி வைத்திருந்தார்.

"பேத்தி ஸ்கூல்ல பேசக் கூப்பிட்டிருக்காங்கப்பா. இப்பப் போய் நான் இல்லைன்னா நல்லாவா இருக்கும்?"

பதிப்பகத்துக்கு எழுதினோம். ஆசிரியர் காலமாகிவிட்டார், மறுபதிப்புக்குத் திட்டம் இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

"இதைப் பத்தி வேற புத்தகம் இருக்காடா?"

இல்லை. "தேடிப் பாக்கறேன் பெரியப்பா" என்றேன்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது நூலகர் அம்மா பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஓர் ஓரத்தில் பென்சில் எழுத்து: 'விரலைத் தூக்கியவன் நான். அவுட்.' கீழே முழுப் பெயர், தேதி, கையெழுத்து.

"யார் கிறுக்கினது?"

"கிறுக்கல் இல்ல மேடம், திருத்தம்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. இயற்பியல் புத்தகத்துல ஒருத்தன் புவியீர்ப்பையே திருத்தி வச்சிருக்கான்." ரப்பரை என் பக்கம் தள்ளினார். "அழிச்சாத்தான் வாங்கிப்பேன்."

பின்னால் ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். அழித்தேன். கையெழுத்து மட்டும் லேசில் போகவில்லை. மனுஷர் அழுத்தி எழுதியிருந்தார்.

வீட்டு வாசலிலேயே பெரியப்பா காத்திருந்தார்.

"புத்தகத்தை வாங்கிக்கிட்டாங்களா?"

"வாங்கிக்கிட்டாங்க."

"பிரிச்சுப் பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

"ஆட்சேபனை ஏதாவது?"

என் சட்டையில் ரப்பர் தூள் ஒட்டியிருந்தது. கையால் மறைத்துக்கொண்டேன்.

"இல்ல பெரியப்பா."

"அப்போ தீர்ப்பு நிலைச்சிடுச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.