எதிர்ப்பக்கம் நின்றவன்

...முகத்தை மழித்துக்கொண்டானே, அதுதான் உறுத்துகிறது, கடைக்குப் போகிறவனுக்கு எதற்கு அவ்வளவு மழமழப்பு, வேலை போனதிலிருந்து தாடியும் கசங்கிய பனியனுமாகக் கிடந்தவன் இன்று நீலக் கோடு போட்ட சட்டையைத் தேய்த்துத் தரச் சொன்னான், அவளும் தேய்த்துக் கொடுத்தாள், காலரைக்கூட நீவிவிட்டாள், பெற்ற கை எங்கே யோசிக்கிறது... எங்கடா என்றதற்கு, "சும்மாம்மா, கடைவரைக்கும்" என்றான், கண்ணாடியைப் பார்த்துத்தான் சொன்னான். தையல் மெஷினில் ஆஸ்பத்திரித் தலையணை உறை பாதியில் நிற்கிறது, மிதிப்பலகையில் காலை வைக்கிறாள், எடுக்கிறாள். இன்று புதன்கிழமை. மருமகளுக்குப் பல் கிளினிக்கில் அரைநாள் வேலை, மதியம் தனியாக வெளியே வருவாள், தனக்கே தெரியும்போது அவனுக்குத் தெரியாதா?

மனைவி இருக்கும் வீடு, வேலை செய்யும் இடம், குழந்தையின் பள்ளிக்கூடம், எதன் பக்கமும் போகக்கூடாது, போன் செய்யக்கூடாது, ஆள் விட்டும் பேசக்கூடாது, மீறினால் கைது... நீதிபதி அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லி "புரியுதா?" என்றபோது பூனை மாதிரித் தலையாட்டினான், வெளியே வந்ததும், "எம் பொண்டாட்டியப் பாக்க நான் எவன்கிட்ட பர்மிஷன் கேக்கணும்?" என்று சிரித்தான். ஒருவேளை பேசத்தான் போகிறானோ, குழந்தையின் ஞாபகம் வந்திருக்குமோ, அப்பன்தானே... பேசத்தான் போனேன் என்றுதானே போன தடவையும் சொன்னான், அன்றைக்குத்தான் மருமகளின் கை முறிந்தது. சொன்னால் பிள்ளையைக் காட்டிக்கொடுத்தவள் ஆவாள், சொல்லாவிட்டால்... அதற்கு மேல் மனசு நகர மறுக்கிறது, சண்டி மாடு மாதிரி நின்றுகொள்கிறது. அது சரி, தான் போன் செய்தால் அதுவும் ஆள் விட்டுப் பேசின கணக்கில் சேருமோ, இந்த நேரத்தில் என்ன யோசனை இது, விரல் அதற்குள் நம்பரைத் தேடி அழுத்தியே விட்டது.

"அத்தை?"

எத்தனை நாளாயிற்று இந்தக் குரலைக் கேட்டு, நல்லாருக்கியாம்மா என்று கேட்க நாக்கு துடித்தது. "அவன் கிளம்பிட்டாம்மா," என்றாள்.

அந்தப் பக்கம் யாரோ வாய் கொப்பளிக்கும் சத்தம். பிறகு, "என்ன சட்டை?"

"நீலக் கோடு போட்டது."

"சரி அத்தை. நான் போலீஸுக்குச் சொல்லணும், வைக்கிறேன்."

அவ்வளவுதான். அழவில்லை, ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, சட்டையை மட்டும் கேட்டாள், இப்படிக் கேட்கப் பழகுவதற்குள் அந்தப் பெண் என்னவெல்லாம் பட்டிருப்பாள்... உறையைத் தைத்தாள், வாய்ப்பக்கத்தையும் சேர்த்து அடித்துவிட்டாள், பிரித்தாள், ஊசி விரலில் ஏறியது. இந்நேரம் போயிருப்பான், இல்லை, பஸ் கிடைத்திருக்காது, கிடைக்காமலே போகட்டும், திரும்பி வந்து சோறு போடு என்று கத்தட்டும்...

போன் அடித்தது, புது நம்பர். அவன்தான், ஸ்டேஷனிலிருந்து. "அம்மா, என்னைப் புடிச்சிட்டாங்கம்மா. நான் ஒண்ணுமே பண்ணல, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம்தான் நின்னேன். நான் போறதுக்கு முன்னாடியே வந்து நிக்கறாங்க, எவன் சொல்லியிருப்பான்?" அவள் ஊசி ஏறிய விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "நீ வர்றியா, இல்லையா?" என்று அவன் குரல் உயர, யாரோ போனை வாங்கிக்கொண்டார்கள், ஒரு பெண் போலீஸ். "அம்மா, உங்க மருமக பத்திரமா இருக்காங்க. இவரை நாளைக்குக் கோர்ட்டுல நிறுத்துவோம், ஜாமீன் கிடைக்குமான்னு சொல்ல முடியாது. மாத்துத் துணி மட்டும் கொண்டு வாங்க."

துணிதானே, எடுத்துக்கொண்டு போக வேண்டும், கேட்டால் நான்தாண்டா சொன்னேன் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா... எழுந்து அலமாரிப் பக்கம் நடந்தாள். தொம் தொம்மென்று ஒரு சத்தம், திடுக்கிட்டு நின்றாள், சத்தமும் நின்றது. யாருமில்லை. அவளுடைய குதிகால்தான். தன் வீட்டுக்குள் குதிகால் ஊன்றி நடந்து எத்தனை மாதம் ஆகியிருக்கும், முன்பாதத்தாலேயே திருடி மாதிரி நடக்க எப்போது கற்றுக்கொண்டாள், யாருக்குப் பயந்து... மருமகள்தானே பயந்தாள், உத்தரவும் அவளுக்குத்தானே... பேன்டையும் துண்டையும் எடுத்துப் பையில் திணித்தாள். உடனே கிளம்ப வேண்டும், காத்திருப்பான். ஆனால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, இன்னொரு முறை நடந்து பார்த்தாள்.